சுண்ணாம்பு தடவிய கலயம்

ஊருக்கு ஊர் ‘ஒயின் ஷாப்’ என்று பலகை தொங்கிய காலம் உண்டு. உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். பிரான்சிலும் இத்தாலியிலும் வீட்டுச் சாப்பாட்டோடு தினமும் ஒரு கோப்பை மலிவான நல்ல ஒயின் குடிப்பார்களாமே, அந்த இடத்தில் எங்கள் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்காரர்கள் எதை வைப்பார்கள் என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் யோசிக்காமல் சொல்வது அக்கானி. மற்ற மாவட்டங்களில் அதற்குப் பதநீர் என்று பெயர்.

இந்த ஊர் வெளியில் அறியப்படுவது மணலால். இங்கிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். கேஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்து போனது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மணல்காட்டில் வேர்பிடித்து நின்றது பனை.

எங்கள் விளையில் ஏழு பனை. ஒரு நாள் அக்கானி எங்களுக்கு, மறுநாள் மரம் ஏறுகிற பாட்டாவுக்கு, அதுதான் கூலி. விடியுமுன்னே இடுப்பில் அரிவாள்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்கும். பாட்டா இறங்கி வந்து, மிதக்கிற தேனீக்களைப் பன்னாடையில் வடித்துவிட்டு, பச்சை ஓலையைப் பட்டையாக மடக்கி என் கையில் தருவார். “வெயிலு ஏறும் முன்ன குடி, மக்களே.” இனிப்புக்கு முன்னால் ஓலையின் பச்சை வாசம் மூக்கில் ஏறும். சில நாள் மாங்காய்த் துண்டு மிதக்கும், சீசனில் நுங்கு.

மரத்துக்கு மரம் ருசி வேறு. கிழக்கு மூலை ஆண்பனையின் அக்கானி அடுப்புக்கு, கருப்பட்டிக்கு. கிணற்றடிப் பனையினுடையது குடிக்க. பாட்டா இதை ஒரு சொட்டு நாக்கில் விட்டே சொல்லுவார். ஒயின் ருசிபார்க்கிறவர்களைப் பற்றி இன்று பத்திரிகைகளில் படிக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவதில்தான் வித்தை. அளவுக்கு எந்தக் கணக்கும் கிடையாது, விரல்தான் கணக்கு. கூடினால் நாக்கு தடிக்கும். குறைந்தால் மத்தியானத்துக்குள் நுரை கட்டும். சுண்ணாம்பே இல்லாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கிவிடும், நாலைந்து சதவீதம். அதுதான் கள். இன்னும் ஓரிரு நாள் விட்டால் காடி. கள்ளைச் சேர்த்துவைக்கவும் முடியாது, தூரத்துக்கு ஏற்றவும் முடியாது. அதனாலேயே மலிவு, அதனாலேயே உள்ளூர்.

அக்கானிக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு விரல் சுண்ணாம்பு. சட்டமும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது வந்த கள்ளுக்கடைகள் சில ஆண்டுகளிலேயே போயின. 1981-ல் மறுபடி திறந்தவை 1987-ல் மூடியதோடு சரி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். இன்று களியக்காவிளை தாண்டினால் அந்தப் பக்கம் கள்ளுக்கடையில் கிழங்கும் மீன்கறியுமாக உட்கார்ந்து குடிக்கலாம்; இந்தப் பக்கம் அதே கள்ளை இறக்கினால் வழக்கு.

இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். சாதாரணக் குவார்ட்டர் 2024 பிப்ரவரியில் 130 ரூபாயிலிருந்து 140 ஆனது. 180 மில்லி, 42.8 சதவீதம். கூலி வாங்கின கையோடு, நின்றபடியே, மூன்று மடக்கு. மலிவு என்றும் சொல்வதற்கில்லை, நல்லது என்றும் சொல்வதற்கில்லை. கள் கலப்படமாகும் என்பார்கள், ஆகத்தான் செய்தது. ஆனால் நாலைந்து சதவீதத்துக்குப் பயந்து நாற்பத்திரண்டை விற்கிற கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்தபாடில்லை.

அதற்காகப் பழைய காலத்துக்குப் பொன்முலாம் பூச மாட்டேன். கள்ளுக்கடை வாசலில் கூலிக்காசுக்காகக் காத்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டாவின் நெஞ்சும் முழங்கையும் பனஞ்சிராய் உரசி ஆமை ஓடு மாதிரி காய்த்திருந்தன. வீட்டில் அக்கானி காய்ச்சிக் காய்ச்சியே அவர் மனைவிக்குக் கண் போயிற்று. அவர் மகன் மஸ்கட்டுக்குப் போனபோது ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை. விளைகள் வீட்டுமனை ஆயின. எங்கள் ஏழு பனையில் நிற்பது ஒன்று, அதையும் ஏற ஆள் இல்லை.

போன சித்திரையில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு டம்ளர் வாங்கினேன், 40 ரூபாய். முதல் வாயிலேயே சாக்கரின். அப்புறம் மண்டைக்காட்டுப் பக்கம் ஒருவர் இன்னும் ஏறுகிறார் என்று கேள்விப்பட்டு, போனில் சொல்லிவைத்துப் போனேன். நாற்பது வயது இருக்கும். பட்டை இல்லை, எவர்சில்வர் டம்ளர். குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சுண்ணாம்பு கூடிப்போச்சோ, அண்ணே?”

கொஞ்சம் கூடித்தான் இருந்தது. இல்லை என்றேன். நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டதற்கு, அரிவாள்பெட்டியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “எட்டு மணிக்கு முன்ன வந்துருங்க. அதுக்கு மேல எனக்கு ஆட்டோ ஓட்டணும்.”