புள்ளிகளின் விலை

சந்தைக்கு மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் சுழி பார்ப்பான்; கொம்பின் வளைவையும் தோலின் நிறத்தையும் கண்டு மகிழ்வான். எனினும், வாயைத் திறந்து பல்லைப் பாராமலும், நாலடி நடத்திக் காலின் உறுதியைக் காணாமலும், தாய்ப்பசுவைப் பற்றி உசாவாமலும் மடியிலுள்ள பணத்தை அவிழ்த்துக் கொடான். அழகு வண்டி இழுக்காது என்பது அவனுக்கு நன்கு தெரியும். ஆனால், கற்றவர் ஒருவர் உயர்ந்த இனத்து நாய்க்குட்டி ஒன்றை வாங்கப் புகுந்தால், முகம் அழகாயிருக்கின்றதா, நிறம் எடுப்பாயிருக்கின்றதா என்பவற்றோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. பல கேள்விகள் கேட்க வேண்டிய இடத்தில் விலை ஒன்றையே கேட்டு மீள்கின்றார்.

இதனால் வரும் துன்பம் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை. வாங்குவோர் எதை விரும்புகின்றனரோ அதையே வளர்ப்போர் பெருக்குவர். கண்ணுக்கு இனிய தோற்றம் ஒன்றையே நாடி ஓரினத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால் விளைவது யாது? அதனைத் திருத்த முயன்றோர் அடைந்த அனுபவம் யாது? இவ்விரு கேள்விகளுக்கும் டல்மேசியன் என்னும் புள்ளி நாயின் வரலாறு தக்க விடை தருகின்றது.

தொழிலிலிருந்து மேடைக்கு

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அக்காலத்தின் பெரும்பகுதியில் நாய்க்கு மதிப்பு அதன் தொழிலால் வந்தது. மந்தை காக்க வல்ல நாயை மேய்ப்பன் பேணினான். மோப்பத்தில் வல்ல நாயை வேடன் பேணினான். காதின் வடிவும் தோலின் நிறமும் இரண்டாம் பட்சமாகவே இருந்தன.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1859ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. 1873ஆம் ஆண்டு கெனல் கிளப் என்னும் கழகம் தோன்றி, நாய்களின் வமிசாவளியைப் பதிவேட்டில் எழுதி வைக்கலாயிற்று. ஒவ்வோர் இனத்துக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. தலை இவ்வாறு அமைய வேண்டும், வால் இவ்வாறு நிற்க வேண்டும், நிறம் இன்னதாக இருக்க வேண்டும் என்று விதித்தனர். பதிவேட்டிலுள்ள தாய்க்கும் தந்தைக்கும் பிறந்ததே அவ்வினத்து நாய் என்றும், வெளிக்குருதி கலத்தலாகாது என்றும் கொள்ளும் வழக்கம் வலுப்பெற்றது.

இவ்வழக்கத்தின் விளைவை ஆறுதலாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்காட்சியில் வாகை சூடிய கடுவன் ஒன்றைப் பலரும் விரும்பித் தத்தம் பெட்டைகளோடு சேர்ப்பர். அதன் அழகு பல வீடுகளுக்குப் பரவும். அழகோடு, அதன் குருதியில் மறைந்து கிடக்கும் குறையும் பரவும். பின்னர் அதன் பேரனும் பேர்த்தியும் ஒன்று சேரும்பொழுது, தந்தை வழியிலும் தாய் வழியிலும் வந்த அக்குறை இரட்டித்து வெளிப்படும். கதவை அடைத்துக்கொண்ட வீட்டில் நோய் புகுந்தால், அது வெளியேற வழியில்லை.

புல்டோக் நாயை நோக்குங்கள். எருதோடு பொருத விடுவதற்கென வளர்க்கப்பட்ட இனம் அது. 1835ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டம் அக்கொடிய விளையாட்டைத் தடை செய்தது. தொழில் இழந்த நாய் மேடைக்கு வந்தது. அங்கே அதன் தலை மேலும் பெருத்தது. மூக்கு மேலும் குறுகியது. இன்று அந்நாய்கள் பல மூச்சுவிடவே இடர்ப்படுகின்றன. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகியது. ஆதலால், பிரித்தானிய ஆய்வொன்றின்படி, புல்டோக் ஈற்றுகளில் 100க்கு 80க்கும் மேற்பட்டவை வயிற்றைக் கீறியே நிகழ்கின்றன. நாய் தன் உடற்சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இளைப்பினாலேயே ஆகும். மூக்குக் குறுகிய நாய்க்கு நமது நாட்டு வெயில் எத்துணைக் கொடியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புல்டோக்கின் குறை பார்த்த அளவில் தெரிவது. டல்மேசியனின் குறைகளோ கண்ணுக்குத் தெரியாதவை. நீண்ட கால், ஒடுங்கிய இடை, தளராத ஓட்டம் ஆகியவற்றோடு பிறந்த அந்நாயைப் பார்ப்பவர் அதனை நோயோடு சேர்த்து எண்ணமாட்டார்.

வண்டியோடு ஓடிய நாய்

இன்றைய குரோவேசியா நாட்டின் கடற்கரைப் பகுதியாகிய டல்மேசியா இவ்வினத்துக்குப் பெயர் தந்தது. இங்கிலாந்துப் பிரபுக்கள் தம் குதிரை வண்டிகளோடு ஓடுவதற்கு இந்நாய்களை வைத்திருந்தனர். அமெரிக்காவில் தீயணைப்பு நிலையங்களில் குதிரை வண்டிகளோடு இவை பணியாற்றின. 1956ஆம் ஆண்டு டொடி சிமித் எழுதிய நாவலும், அதனைத் தழுவி 1961ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படமும் உலகெங்குமுள்ள சிறுவர் உள்ளங்களில் இந்நாயைக் குடியேற்றின.

டல்மேசியன் குட்டி வெள்ளை வெளேரென்றே பிறக்கும். ஏறத்தாழ இரு வாரங்கள் கழிந்தே புள்ளிகள் தோன்றத் தொடங்கும். அப்புள்ளிகள் வட்டமாகவும் தெளிவாகவும் ஒன்றோடொன்று கலவாமலும் அமைதல் வேண்டும் என்பது இலக்கணம்.

கல்லும் செவிடும்

உணவிலுள்ள சில பொருள்கள் உடலிற் சிதையும்பொழுது யூரிக்கமிலம் உண்டாகின்றது. மனிதரின் மூட்டுகளிற் படிந்து வாதநோய் விளைப்பதும் இதுவே. நாயின் ஈரலில் இவ்வமிலத்தை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றும் நொதியம் உண்டு. டல்மேசியனின் ஈரலிலும் அந்நொதியம் இருக்கின்றது. ஆனால், அமிலத்தை ஈரற் கலங்களுக்குள் கொண்டு சேர்க்கும் வாயில் பழுதுற்றுள்ளது. உலை எரிந்தும் விறகு உள்ளே போகாத நிலை அது. ஆதலால் அமிலம் சிறுநீரோடு மிகுதியாக வெளியேறுகின்றது. சில நாய்களிற் கல்லாக உறைகின்றது. கடுவனின் சிறுநீர்க்குழாய் ஒடுங்கியது. அதிற் கல் சிக்கினால் சிறுநீர் அடைபடும். விரைந்து மருத்துவம் செய்யாவிடின் உயிர் போகும்.

எல்லா டல்மேசியனுக்கும் கல் உண்டாவதில்லை. ஆயினும், அதற்குக் காரணமான குறை தூய டல்மேசியன் எனப்பட்ட நாய்கள் அனைத்திலும் குடிகொண்டுவிட்டது. நல்ல பரம்பரையலகு உடைய நாய் ஒன்றேனும் இனத்துக்குள் எஞ்சவில்லை. பெரிய, தெளிந்த புள்ளிகளைத் தேடித் தெரிந்தெடுத்தபொழுது, வளர்ப்போர் அறியாமலே இக்குறையும் உடன்வந்து நிலைத்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர்.

இரண்டாவது குறை செவிடு. உட்செவி நன்கு இயங்குவதற்கு நிறப்பொருளை ஆக்கும் கலங்கள் அங்கே இருத்தல் வேண்டும். உடலை வெண்மையாக்கும் பரம்பரையலகுகள் அக்கலங்கள் பரவுவதைத் தடுக்கின்றன. அவை உட்செவியைச் சென்றடையாவிடின், பிறந்து சில வாரங்களுக்குள் குட்டியின் கேள்விப்புலன் அழிந்துபோகும். அமெரிக்காவிற் சோதிக்கப்பட்ட டல்மேசியன்களில் 100க்கு ஏறத்தாழ 30 ஒரு செவியிலேனும் கேட்கும் ஆற்றல் அற்றவை.

இங்கே வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. சில குட்டிகள் பிறக்கும்பொழுதே காதிலோ தலையிலோ பெரிய கருந்திட்டு ஒன்றுடன் பிறக்கும். அத்தகைய குட்டிகளிற் செவிடு குறைவு. அமெரிக்க இலக்கணப்படியோ திட்டுடைய நாய் மேடையேறத் தகாதது. நன்கு கேட்கும் செவியின் அறிகுறியையே குற்றமென்று தள்ளி வைத்தனர்!

ஒரு கலப்பும் 38 ஆண்டுகளும்

ரொபேட் ஷைபில் என்பார் அமெரிக்காவில் வாழ்ந்த பரம்பரையியல் அறிஞர். டல்மேசியன் நாய்களிற் பற்றுக்கொண்டவர். இனத்துக்குள் இல்லாத நல்ல பரம்பரையலகை வெளியிலிருந்தே கொணர வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1973ஆம் ஆண்டு பொயின்டர் என்னும் வேட்டை நாய் ஒன்றை டல்மேசியனோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறந்த குட்டிகளில் யூரிக்கமிலக் குறை இல்லாதவற்றைத் தெரிந்து மீண்டும் தூய டல்மேசியனோடு சேர்த்தார். அதன் பின் ஒவ்வொரு தலைமுறையிலும் இவ்வாறே செய்யப்பட்டது. குறை இல்லாத ஒரு நாயைத் தூய டல்மேசியனோடு சேர்த்தால், குட்டிகளில் ஏறத்தாழப் பாதி அந்நலத்தைப் பெறும்.

கணக்கு எளிது. முதற் கலப்பிற் பிறந்த குட்டியில் பொயின்டரின் பங்கு அரை. அடுத்த தலைமுறையிற் கால், அதற்கடுத்து அரைக்கால், பின்னர் வீசம். பத்து முறை மீள்கலப்புச் செய்தபின் அப்பங்கு சராசரி 2048இல் ஒன்றாகச் சுருங்கும். வேண்டிய பரம்பரையலகு மட்டும் ஒவ்வொரு படியிலும் கவனமாகக் காக்கப்படும். உருவத்திலும் குணத்திலும் அது டல்மேசியனே.

1981ஆம் ஆண்டு அமெரிக்க கெனல் கிளப் இவ்வழியில் வந்த இரு நாய்களைப் பதிவேட்டிற் சேர்த்தது. ஆனால், டல்மேசியன் வளர்ப்போரின் சங்கத்தில் எதிர்ப்பு மூண்டது. குருதி மாசுபடும் என்றனர் சிலர். பொயின்டரின் நோய்கள் புகுந்துவிடும் என்றனர் வேறு சிலர். புள்ளிகளின் அழகு கெடும் என்று கவன்றோரும் உளர். பதிவு நிறுத்தப்பட்டது.

எதிர்த்தோர் அனைவரும் கன்னெஞ்சர் அல்லர். வாழ்நாள் முழுவதும் ஓரினத்தைப் பேணியவர்க்கு அதன் தூய்மைமீது பற்று இருத்தல் இயல்பே. புது நோய் புகுமோ என்னும் ஐயமும் அறிவுக்கு ஒத்ததே. முதற் சில தலைமுறைகளிற் புள்ளிகள் சிறுத்தும் தெளிவு குன்றியும் இருந்தன என்பதும் உண்மை. ஆனால், தராசின் ஒரு தட்டிற் சிறுத்த புள்ளியையும், மறு தட்டிற் சிறுநீர் அடைபட்டு வருந்தும் நாயையும் வைத்துப் பார்த்தபின்னும் புள்ளியே கனமென்று கொண்டால், நாம் பேணுவது நாயையா, நாயின் படத்தையா?

ஷைபில் தொடங்கிய வழியை அன்பர் சிலர் பதிவேட்டின் அங்கீகாரமின்றியே காத்து வந்தனர். 2008ஆம் ஆண்டு டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் குறைக்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டறிந்தனர். அதன்பின் நாயின் மரபுப் பொருளைச் சோதித்தே உண்மையை அறிய முடிந்தது. வாதத்துக்கு இடம் குறைந்தது. 2010ஆம் ஆண்டு பிரித்தானிய கெனல் கிளப் அமெரிக்காவிலிருந்து வந்த இவ்வழிப் பெட்டை ஒன்றைப் பதிவு செய்தது. 2011ஆம் ஆண்டு அமெரிக்கக் கழகமும் கதவைத் திறந்தது. ஒரு முறை செய்த கலப்பை ஏற்றுக்கொள்ள 38 ஆண்டுகள் சென்றன. நாயின் ஆயுளோ பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள். மூன்று ஆயுட்காலம், தீர்க்கக் கூடிய நோய் தீர்க்கப்படாதிருந்தது.

செவிட்டுக்கு இத்தகைய ஒரே மருந்து இல்லை. அது பல பரம்பரையலகுகளைச் சார்ந்தது. எனினும் வழி உண்டு. ஐந்து, ஆறு வாரக் குட்டியின் செவியில் மெல்லிய ஒலியைச் செலுத்தி, மூளையில் எழும் மின்னசைவை அளந்து கேள்விப்புலனைத் துணியலாம். பிரித்தானியாவிற் பலரும் இவ்வாறு சோதிக்கலாயினர். செவிட்டோடு தொடர்புடைய நீலக் கண்ணையும் அங்குள்ள இலக்கணம் குற்றமெனக் கொள்கின்றது. அந்நாட்டு டல்மேசியன்களிற் செவிடு குறைந்து வருகின்றது என்பதை 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டிற்று. தெரிந்தெடுத்தலாற் கெட்டதைத் தெரிந்தெடுத்தலாலேயே திருத்தவும் கூடும்.

வாங்குவோர் கடமை

பொறுப்புடைய வளர்ப்பு என்பது இதுவே: இணைசேர்க்குமுன் தாய்தந்தையரைச் சோதித்தல், நெருங்கிய உறவுகளைச் சேர்க்காது விடுதல், நோயுள்ள நாய் எத்தனை பரிசு பெற்றதாயினும் அதன் வழியை நிறுத்துதல், தாயை ஓயாது ஈனச் செய்யாதிருத்தல், விற்ற குட்டியை வாங்கியவர் வைத்திருக்க இயலாவிடின் திரும்ப ஏற்றல்.

இவற்றைச் சட்டத்தினால் மட்டும் நிலைநாட்ட முடியாது. 1996ஆம் ஆண்டு டல்மேசியன் கதை மீண்டும் படமாக வந்தபொழுது, அமெரிக்காவிற் பல குடும்பங்கள் பிள்ளைகளின் விருப்பத்துக்காக அக்குட்டிகளை வாங்கின. ஓயாது ஓடித் திரியும் இயல்புடைய நாயை வீட்டுக்குள் அடக்க இயலாமற் பலர் காப்பகங்களில் விட்டுச் சென்றனர். விருப்பம் வாங்கியது, வீடு தாங்கவில்லை.

எனவே, நம்மவருள் நாய்க்குட்டி வாங்க எண்ணுவோர் விற்பவர் வீட்டுக்கு நேரே செல்லுங்கள். தாய் நாயைக் காட்டும்படி கேளுங்கள். அது எளிதாக மூச்சு விடுகின்றதா, தடையின்றி நடக்கின்றதா என்று பாருங்கள். அவ்வினத்துக்குரிய பரம்பரை நோய்கள் எவை என்பதை மிருக வைத்தியரிடம் முன்னரே கேட்டறிந்து, அவற்றுக்குச் சோதனை செய்யப்பட்டதா என்று உசாவுங்கள். வமிசாவளிப் பத்திரம் பாட்டன் பெயரைச் சொல்லும். பாட்டனுக்கிருந்த நோயைச் சொல்லாது. விற்பவர் விடை சொல்லத் தயங்கினால், குட்டி எத்துணை அழகாயிருப்பினும் வெறுங்கையோடு திரும்புங்கள். உடன் வந்த பிள்ளை சிறிது நேரம் அழும். அதன் காரணத்தை அப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதும் கல்வியே. ஊர் நாய்க்குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, உணவூட்டி வளர்ப்போர் வீட்டிலும் அன்புக்குக் குறைவிராது.

நாய் தன் உருவத்தைத் தானே தெரிந்துகொள்வதில்லை; அதனைத் தெரிந்தெடுப்பவர் நாமே. ஆதலால் அவ்வுருவத்தோடு வரும் நோவுக்கும் விடை சொல்ல வேண்டியவர் நாமே ஆவோம்.