இணையதளத்துக்கு ஒரு வழிகாட்டிப் படம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள் பெரியோர். தூத்துக்குடிக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு மாப்பிள்ளையூரணிக்கு வழி தெரியாவிட்டால், பேருந்து நிலையத்தில் நிற்கும் யாரையாவது கேட்டு வந்து சேர்ந்துவிடுவார். இணையதளத்திலோ கேட்பதற்கு ஆள் இல்லை. நூறு பக்கங்களோ ஆயிரம் பக்கங்களோ கொண்ட ஒரு தளத்துக்குள் நுழைந்தவர், தாம் தேடி வந்த பக்கத்தைத் தாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் தட்டிப் பார்ப்பார், கிடைக்காவிட்டால் போய்விடுவார். அரும்பாடுபட்டு எழுதி வைத்த பக்கம் வாசிப்பாரின்றிக் கிடக்கும். இக்குறையைப் போக்க வந்ததே 'சைட்மேப்' எனப்படும் தள வரைபடம். அதனைப் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே கூற விழைகிறோம்.

தள வரைபடம் என்றால் என்ன?

பெயரில் 'வரைபடம்' என்று இருந்தாலும் இது கோடுகளால் வரைந்த படம் அன்று. ஒரு தளத்தில் என்னென்ன பக்கங்கள் உள்ளன, அவை எங்கே உள்ளன என்று கூறும் பட்டியலே இது. இம்மலரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் புரட்டுவது பொருளடக்கத்தை அன்றோ? நூலுக்குப் பொருளடக்கம் எப்படியோ, தளத்துக்கு வரைபடம் அப்படி.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நூலை மனிதர் மட்டுமே வாசிக்கின்றனர். இணையதளத்தை வாசிப்போர் இரு வகையினர். ஒருவர் நம்மைப் போன்ற பார்வையாளர். மற்றொன்று கூகுள் போன்ற தேடுபொறி. ஆகவே தள வரைபடமும் இரண்டு வகைப்படும்.

பார்வையாளருக்கான வரைபடம்

இது மற்றப் பக்கங்களைப் போலவே கண்ணால் பார்த்து வாசிக்கக்கூடிய ஒரு பக்கம். இதில் தளத்தின் முக்கியப் பக்கங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, பெயரைத் தொட்டதும் அப்பக்கம் திறக்குமாறு இணைப்புக் கொடுப்பார்கள். இந்தப் பக்கத்துக்குச் செல்லும் வழி, தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில், பெரும்பாலும் அடியில், இருக்க வேண்டும். வழிகாட்டிப் பலகையையே தேடி அலையவிட்டால் அதனால் என்ன பயன்?

பார்வையற்றோருக்கு இந்தப் பக்கம் செய்யும் உதவி பெரிது. அவர்கள் திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையால் இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். சுட்டியை மேலே வைத்தால் விரியும் அடுக்கடுக்கான பட்டிகளில் தேடுவது அவர்களுக்குக் கடினம். எளிய பட்டியல் ஒன்று இருந்தால் வரிசையாகக் கேட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 2008-ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய அணுகல்தன்மை நெறிமுறைகள், ஒரு தளத்தின் பக்கங்களை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் அடைய முடிய வேண்டும் என்று கூறுகின்றன. அவ்வழிகளுள் தள வரைபடமும் ஒன்று. இந்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளியாயின. அவற்றிலும் தள வரைபடத்துக்கு இடமுண்டு. நம் தூத்துக்குடி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலும் இத்தகைய வரைபடப் பக்கத்தைக் காணலாம்.

தேடுபொறிக்கான வரைபடம்

நாம் ஒரு சொல்லைக் கொடுத்ததும் தேடுபொறி அந்த நொடியில்தான் உலகமெங்கும் ஓடித் தேடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அதன் நிரல்கள் முன்கூட்டியே இணையத்தில் உலா வந்து, தாம் கண்ட பக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. நாம் கேட்கும்போது அந்தக் குறிப்பிலிருந்தே விடை வருகிறது. குறிப்பில் ஏறாத பக்கம், தேடுவோருக்கு இல்லாத பக்கமே.

அந்த நிரல்கள் எப்படி உலவுகின்றன? ஒரு பக்கத்தில் உள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் செல்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் படகு போகாத தீவைப் போலத் தனித்துவிடும்.

நம் கடற்கரைக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முத்துச்சிப்பி கடலடியில் எல்லா இடத்திலும் விளைவதில்லை. 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் விளைகிறது. தோலாயிரம் பார் போன்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. குளிப்பு நடத்துமுன் பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே நாள் குறித்தனர். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. எவ்வளவு திறமையான குளியாளும் பார் எங்கே என்று அறியாமல் கடல் முழுவதும் மூழ்கிப் பார்க்க முடியாது. தேடுபொறிக்கும் பார் எங்கே என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கான ஒரு முறையைக் கூகுள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிமுகப்படுத்தியது. 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் அதே முறையை ஏற்றன. போட்டியாளர்களான மூன்று நிறுவனங்களும் ஒரே முறைக்கு உடன்பட்டதால், ஒரு வரைபடம் எழுதினால் எல்லாத் தேடுபொறிகளுக்கும் போதும் என்றாயிற்று.

இந்த வரைபடம் 'எக்ஸ்.எம்.எல்.' என்ற வடிவில் எழுதப்படும் ஒரு கோப்பு. இதில் ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியும், அப்பக்கம் கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் இருக்கும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். கோப்பின் அளவு 50 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. பக்கங்கள் அதனினும் மிகுந்தால் பல கோப்புகளாகப் பிரித்து, அக்கோப்புகளுக்கே ஒரு பட்டியல் எழுதிவிடலாம். எழுதிய கோப்பைத் தளத்தின் முதல் நிலையில் வைத்து, 'ரோபாட்ஸ்' என்ற சிறு கோப்பில் அது இருக்கும் இடத்தை ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். தேடுபொறியின் நிரல்கள் ஒரு தளத்துக்குள் நுழையும்போது அந்தச் சிறு கோப்பைப் பார்ப்பது வழக்கம்.

தமிழில் முகவரி எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மாப்பிள்ளையூரணி' என்பது நமக்கு எட்டு எழுத்து. கணினியோ மெய், உயிர்க்குறி, புள்ளி என்று தனித்தனியே எண்ணிப் பதினைந்து குறிகளாகக் கொள்ளும். வரைபடத்தில் எழுதும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது இடம் பிடிக்கும்; ஆக அந்த ஒரு சொல்லுக்கு 135 இடம்! ஒரு முகவரி 2,048 இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. எனவே பக்கத்தின் தலைப்பு நீளமாக இருக்கலாம். முகவரி சுருக்கமாக இருப்பதே நன்று.

மதுரைத் திட்டம் தரும் பாடம்

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் 'மதுரைத் திட்டம்' 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் உள்ள தமிழர் ஊதியம் பெறாமல் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் தந்தனர். அங்கு ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் உண்டு. முதல் எண் பெற்றது திருக்குறள். கோப்பின் பெயரில் எண்தான் இருக்கும், நூலின் பெயர் இராது. எண்ணை மட்டும் பார்த்து இது எந்த நூல் என்று யாரால் கூற முடியும்? அங்கே எண்ணையும் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்துக் காட்டும் பட்டியல் பக்கமே வாசகருக்குத் திறவுகோல். அப்பட்டியல் இல்லையேல், அத்தனை பேரின் உழைப்பும் பெயர்ப்பலகை இல்லாத அறைகளில் பூட்டி வைத்ததாகவே முடியும்.

இன்னொரு பாடமும் உண்டு. இணையத்தில் தமிழ் புகுந்த தொடக்க நாட்களில் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளாகவே தெரியும். மதுரைத் திட்டமும் 'திஸ்கி' முறையிலிருந்து பின்னர் 'யூனிகோடு' முறைக்கு மாறிற்று. வரைபடம் தேடுபொறியை வாசல் வரை அழைத்து வரும். உள்ளே இருப்பது வாசிக்கக்கூடிய எழுத்தாக இருந்தால்தான் அதற்குப் பயன்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து, திரும்பப் பெற முடியாத சுவடிகளும் நூல்களும் அழிந்தன. 2005-இல் தொடங்கிய இலங்கையின் 'நூலகம்' மின்னூலகம், நூல், இதழ், பத்திரிகை, நினைவு மலர் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துச் சேர்த்து வருகிறது. தீயினால் அழிந்ததைப் பற்றி நாம் வருந்துகிறோம். காப்பாற்றி வைத்தும் கண்டெடுக்க முடியாமல் போவதும் ஓர் இழப்பே அல்லவா?

நாமே வரைந்து பார்ப்போம்

நம் ஊரைப் பற்றி மாணவியர் ஒரு தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு தாளில் 'முகப்பு' என்று எழுதுவோம். அதன் கீழ் நான்கு தலைப்புகள் இடுவோம்: கடல், தொழில், வரலாறு, பள்ளி. கடல் என்பதன் கீழ் மன்னார் வளைகுடாத் தீவுகள், பவளப் பாறைகள். தொழில் என்பதன் கீழ் மீன்பிடி, உப்பளம், துறைமுகம். வரலாறு என்பதன் கீழ் முத்துக்குளிப்பு, 1982-இல் பசிலிக்கா என்னும் சிறப்புப் பெற்ற பனிமய மாதா ஆலயம். பள்ளி என்பதன் கீழ் ஆண்டு மலர்கள். இதுவே பார்வையாளருக்கான வரைபடம். எங்கும் சேராமல் ஒரு பக்கம் மிஞ்சினால், அதற்கு இணைப்பில்லை என்பது இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். பின்னர் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் தேதியையும் கோப்பில் எழுதினால் தேடுபொறிக்கான வரைபடமும் ஆயத்தம். நன்கு இணைக்கப்பட்ட சிறிய தளத்துக்கு இரண்டாவது கோப்பு கட்டாயம் இல்லை. ஆனால் பக்கங்கள் பெருகும்போது அது தேவைப்படும்.

மூன்று எச்சரிக்கைகள் அவசியம்.

முதலாவது, தேதியில் பொய் கூடாது. ஒன்றும் மாற்றாமலே 'இன்று மாற்றினோம்' என்று எழுதிவந்தால் தேடுபொறி அத்தேதியை நம்புவதை விட்டுவிடும்.

இரண்டாவது, நீக்கிய பக்கத்தின் முகவரியைப் பட்டியலில் விட்டு வைக்கக் கூடாது. இடிந்த பாலத்தைக் காட்டும் வரைபடம், வரைபடம் இல்லாததைவிடத் தீங்கானது.

மூன்றாவது மிக முக்கியமானது. மாணவியரின் முகவரி, தொலைபேசி எண் போன்றவை உள்ள பக்கத்தை வரைபடத்தில் சேர்க்காமல் விட்டால் அது மறைந்துவிடும் என்று எண்ணலாகாது. படத்தில் இல்லாத வீட்டுக்கும் கதவு திறந்தே இருக்குமானால் யாரும் நுழையலாம். அத்தகையவற்றைக் கடவுச்சொல்லால் பூட்ட வேண்டும். அல்லது இணையத்தில் ஏற்றாமலே இருக்க வேண்டும்.

வரைபடம் எழுதிவிட்டால் தேடலில் முதலிடம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். துறைமுகத்துக்கு வரும் கப்பல் தன் சரக்குப் பட்டியலை முன்னதாகக் கொடுக்கிறது. பட்டியல் கொடுத்ததால் சரக்கின் தரம் உயர்ந்துவிடாது. ஆனால் கப்பலில் என்ன இருக்கிறது என்பது துறைமுகத்துக்குத் தெரிந்துவிடும். தள வரைபடத்தின் பணியும் அவ்வளவே. ஏற்றிய சரக்கு நல்லதாக இருக்க வேண்டியது நம் பொறுப்பு.

பெற்றோர்களே, தோழியரே! சங்கத்தின் தளமோ, கடையின் தளமோ, பள்ளியின் தளமோ, உங்களுக்குத் தெரிந்த தளம் எதுவாயினும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் உள்ள எல்லாப் பக்கங்களுக்கும் வழி இருக்கிறதா? இல்லையெனில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு, பல ஆண்டுகளின் எழுத்தை வாசகரிடம் கொண்டு சேர்க்கும்.