கண் காத்தல்

ஐம்பொறிகளுள் தலைசிறந்தது கண். அன்பிற்குரியாரைக் 'கண்ணே' என்று அழைப்பது தமிழர் வழக்கு. இரக்கப் பண்பிற்குக் 'கண்ணோட்டம்' என்று பெயரிட்டுத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இத்துணைச் சிறப்புடைய கண்ணை நாம் கருத்துடன் காக்கின்றோமா?

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. நகரில் தறி நெய்வோர், அற்றுப்போன மெல்லிய இழையைக் கண்டு முடிதல் வேண்டும். கரிசற்காட்டில் பருத்தி எடுப்போரும் மிளகாய் பறிப்போரும் வெயிலிலும் புழுதியிலும் உழைக்கின்றனர். கண்ணொளி குன்றினால் இவர்தம் பிழைப்பும் குன்றும்.

கண் நோய்களுள் சில ஓசையின்றி வருவன. கண்ணினுள் உள்ள வில்லை வெண்மை படர்ந்து மங்குதல் கண்புரை எனப்படும். அதனை அறுவையால் நீக்கிப் பார்வை பெறலாம். கண் அழுத்த நோயோ பெரும்பாலும் வலியின்றி ஓரப் பார்வையை முதலிற் கவரும். அவ்வாறு இழந்த பார்வை மீளாது. நீரிழிவு, விழித்திரையைக் கெடுக்கும். இவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழி சோதனை ஒன்றே. கண்ணில் முள்ளோ பதரோ பட்டால் பச்சிலைச் சாறு பிழிதல் பெருந்தவறு. கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடக்கூடும். உடனே மருத்துவரை நாடுக.

இளையோர்க்கும் இக்குறை உண்டு. திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் யான் தமிழ் கற்பித்த காலத்தில், மாணவன் ஒருவன் கரும்பலகையைப் பார்த்து எழுதுங்கால் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடவே மாட்டான். கவனமில்லாதவன் என்று அவனைப் பலமுறை கடிந்தேன். பள்ளிக்கு வந்த மருத்துவர், அவனுக்குக் கிட்டப்பார்வை என்றார். மூக்குக்கண்ணாடி அணிந்து வந்த அன்று அவன், "ஐயா, எழுத்தின் மேல் புள்ளி தெரிகிறது!" என்றான். மங்கிய உலகையே உலகம் என எண்ணியிருந்தான் அச்சிறுவன். அவனைக் கடிந்தமைக்கு இன்றும் வருந்துகின்றேன்.

இக்கரிசல் நிலத்திலேயே, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில், 1918-இல் பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. இளமையில் முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணச் செய்தது. மகப்பேற்று மருத்துவராக விரும்பிய அவர் கண் மருத்துவம் பயின்று, அவ்விரல்களாலேயே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் தரும் கட்டணம் வறியோர்க்கு இலவச மருத்துவமாயிற்று. கண்ணுள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் ஆக்க 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடமும் எழுந்தது. 2006-இல் அப்பெரியார் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் நடைபெறுகின்றது. நாட்டின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் 1976-இல் தோன்றியதே. அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்களும் நடைபெறுகின்றன.

ஆயினும், "முதுமையில் பார்வை மங்குவது இயல்பே" என்று வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் முதியோர் பலர். முகாமிற்குச் செல்லத் துணையின்றி நிற்போரும் உளர். மாணவர்களே! அத்துணை நீங்களே ஆகலாம். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கண்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது கடந்த பெற்றோரையும் நீரிழிவு உடையோரையும் தவறாது சோதிக்கச் சொல்லுங்கள். முகாம் நடைபெறும் நாளில் பாட்டியின் கைப்பற்றி அழைத்துச் செல்லுங்கள். கண் கெட்டபின் கதிரவனை வணங்கிப் பயன் என்ன? ஒளி உள்ளபோதே அதனைக் காப்போம்.