மூளையில் மொழியின் இருப்பிடம்

அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலையை நாடிக் குடியேறிய நம் குடும்பங்களில் ஒரு குழந்தை, வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளர்கிறது. இத்தனை மொழிகளும் அதன் மூளையில் எங்கே குடியிருக்கின்றன? நமக்கு இது அறிவின் ஆவலால் எழும் வினா. ஆனால், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்காக ஒரு குழந்தையின் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய நேரும்போது, மருத்துவருக்கு இதற்கு விடை தெரிந்தே ஆகவேண்டும். நோயை நீக்கப் போய்ப் பேச்சை இழக்கலாகாதன்றோ!

மொழிக்குச் சிறப்பாகத் துணைநிற்பது மூளையின் இடது பாதியே என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1861க்கும் 1865க்கும் இடையே செய்த ஆய்வுகள் புலப்படுத்தின. வலக்கைப் பழக்கமுடையோருள் 100க்கு 90 பேருக்கு மேல் இந்நிலையே. இடக்கைப் பழக்கமுடையோரிலும் பெரும்பாலோர் அவ்வாறே. எனினும், இளம்பருவத்திலேயே இடது பாதி பழுதுற்றால், வலது பாதி அப்பணியை ஏற்றுக்கொள்வதுண்டு. ஆகவே, நோயுற்ற குழந்தையிடம் பொதுவிதியை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

1949இல் ஜப்பானிய மருத்துவர் வாடா ஒரு வழி கண்டார். கழுத்து இரத்தக் குழாயில் மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்கச் செய்து, பேச்சு நிற்கிறதா என்று பார்ப்பதே அது. அவ்வாண்டிலேதான், மான்ட்ரியலில் பென்பீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். ஆயினும், வாடாவின் சோதனை அஞ்சும் குழந்தைக்கு எளிதன்று.

இன்று காந்தப் படக்கருவி கைகொடுக்கிறது. மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது, பிராணவாயு நிறைந்த இரத்தம் அங்கே மிகுதியாகப் பாய்கிறது. அதனால் எழும் சிறு காந்த வேறுபாட்டைப் படமாக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். இதில் ஊசியும் இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை. குழந்தை அசையாது படுத்துக் கதை கேட்கும். அல்லது ‘பந்து’ என்றதும் ‘எறி’ என்று மனத்துள் எண்ணும். எப்பாதி மிகுதியாக உழைக்கிறது என்பதைப் படம் காட்டும்.

இங்கேதான் பெற்றோரின் கடமை இருக்கிறது. விளங்காத மொழியில் கதை சொன்னால் படமும் தெளிவாக அமையாது. எனவே, தம் குழந்தைக்கு எம்மொழி நன்கு வரும் என்பதை அவர்களே மருத்துவரிடம் எடுத்துரைத்தல் வேண்டும். அயல்மாநிலம் என்று கூசித் தமிழை மறைக்க வேண்டுவதில்லை. பல மொழி பேசுவதால் வலிப்பு வரும் என்று அஞ்சவும் வேண்டா. மொழி எப்பாதியில் உறைகிறது என்பதையே அப்படம் கூறும்; எம்மொழியை வளர்ப்பது என்பதை நம் வீடுகளே முடிவு செய்யும்.