செஞ்சிக் கோட்டை மண்ணிலே – 14: முதுகில் பொறித்த ஆண்டு

பழைய பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கூர் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கத்தியின் முதுகை. ஜெர்மன் பேரரசு காலத்துக் கத்தியானால், பிடியை ஒட்டி அந்த முதுகில் ஒரு கிரீடம், அதன் கீழே ஓர் எழுத்து, அதற்கும் கீழே இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். எழுத்து ‘டபிள்யூ’ என்றால் பெரும்பாலும் பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம். இலக்கம் 15 என்றால் 1915.

“செஞ்சிச் சண்டையில் ஜெர்மன்காரன் போட்டுவிட்டுப் போனது” என்ற பேச்சு அந்த இரண்டு இலக்கங்களோடு முடிந்துவிடும். ஹைதர் அலியின் படை 1780-இல் கோட்டையைப் பிடித்ததற்குப் பின் இங்கே சொல்லும்படியான போர் எதுவும் நடக்கவில்லை.

செஞ்சி கண்ட பயனெட் வேறு வகை. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை நகர வாசலை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் குன்றுகளின் மேல் ஏறியது. அந்தக் காலத்து ஐரோப்பியச் சிப்பாயின் பயனெட்டுக்குக் கைப்பிடியே கிடையாது. துப்பாக்கிக் குழாயின் வாய்க்கு வெளியே மாட்டித் திருப்பிப் பூட்ட ஓர் இரும்புக் குழல், அதன் பக்கவாட்டில் முப்பட்டை அலகு, அவ்வளவுதான். 1761-இல் செஞ்சியைப் பிடித்த ஆங்கிலேயரின் பயனெட்டும் இதே அமைப்புதான். அலகு சுமார் 17 அங்குலம். மரப்பிடி வைத்த கத்தியைக் காட்டி 1750 என்று ஒருவர் சொன்னால், முத்திரையைத் தேடும் வேலைகூட இல்லை.

ஜெர்மன் சிப்பாய்கள் இந்தப் பக்கம் வரவே இல்லையா? வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஹனோவரில் திரட்டிய இரண்டு ரெஜிமெண்டுகள் 1783 ஜூன் 13 அன்று கடலூரில் பிரெஞ்சுக்காரரோடு மோதின. ஆனால் கிரீடமும் ‘டபிள்யூ’வும் பொறித்த கத்தி அவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியது.

செஞ்சியின் நல்ல காலத்தோடு ஒட்டிய ஜெர்மன் இரும்பைப் பார்க்க வேண்டுமானால் பயனெட்டை விட்டு வாளுக்கு வர வேண்டும். மராட்டிய வீரர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த நேரான அலகுகளை வாங்கி, நம் ஊர்ப் பிடியைப் பொருத்திக்கொண்டார்கள். ‘பரங்கி வாள்’ என்று பெயர். அந்த அலகுகளில் பல ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பட்டறைகளில் அடித்தவை. சிலவற்றில் ஓடும் ஓநாய் ஒன்றை நாலைந்து கீறல்களில் வெட்டியிருப்பார்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகையைத் தாங்கிய மராட்டிய மன்னர் ராஜாராமின் ஆட்களில் சிலர் இடுப்பிலாவது இத்தகைய வாள் தொங்கியிருக்கும் என்பது என் ஊகம். புளி போட்டுத் தேய்த்தும் உப்புத்தாள் போட்டு உரசியும் பளபளப்பாக்குகிறவர்கள் அந்த ஓநாயைத்தான் முதலில் கொல்கிறார்கள். துருவுக்கு லேசாக எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

அப்படியென்றால், தமிழ்நாட்டு வீட்டுப் பெட்டியில் ஜெர்மன் பயனெட் எப்படி வந்திருக்கும்? என் மனத்துக்கு நெருக்கமான கேள்வி இது. இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் 12-ஆம் கம்பெனி, நான்காவது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியில் கசினோவிலும் ஜெர்மானியரை எதிர்கொண்டது. காஞ்சிபுரம் பக்கம் கீழோட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணிவெடியைத் தன் உடம்பால் மூடித் தோழர்களைக் காப்பாற்றி இறந்தார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அந்தப் போர்முனைகளிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த கத்திக்குச் செஞ்சியின் பெயரை ஒட்டினால் விலை கூடலாம். அவர் போய் வந்த போர் மறைந்துபோகும். அதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இரண்டு உலகப் போர்க் கத்திகளையும் பிரித்தறிவது கடினமல்ல. முதல் போரின் பேர்பெற்ற மாதிரி 98/05. அலகு பதினான்கரை அங்குலம் இருக்கும், நுனியை நோக்கி அகன்றுகொண்டே போகும். சிலவற்றின் முதுகில் ரம்பப் பல் உண்டு. இரண்டாம் போரின் 84/98 குட்டை, சுமார் பத்து அங்குலம். அதில் கிரீடம் இராது. கழுகு முத்திரையும் தயாரிப்பாளரின் பெயரோ குறியெழுத்தோ இருக்கும். ‘சி.ஓ.எஃப்.’ என்றால் சோலிங்கனின் கார்ல் ஐக்ஹார்ன். கத்தியின் எண்ணும் உறையின் எண்ணும் ஒன்றானால் சேகரிப்பாளர்கள் கூடுதலாக மதிப்பார்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் பயனெட் ஆயுத வகையில் சேரும். வாங்குவதற்கு முன் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள். கோட்டை மண்ணிலே எது கண்ணில் பட்டாலும் தோண்டாமல் தொல்லியல் துறையிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே இருக்கிற கத்தியானால் முதுகு, பிடி, உறை மூன்றையும் தனித்தனியே படமெடுத்து, தாத்தாவின் படை விடுவிப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று அதில் எழுதியிருக்கும்.

(தொடரும்)