சாண் உயர மரத்துக்கு என்ன கூலி?



மரத்தை நம்பிப் பிழைப்பது தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பால்மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும் நம் வீடுகளில் உண்டு. ஆனால் மரத்தையே கையால் செய்து, ஒன்று இத்தனை பவுண்டு என்று விலை சொல்லி விற்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அந்த மரத்தின் கீழ் யாரும் நிற்க முடியாது. அதன் உயரமே ஒரு சாண்தான். வாங்குகிறவர்கள் குழந்தைகளா என்றால், அதுவும் இல்லை. பெரும்பாலும் தலை நரைத்த பெரியவர்கள். அந்த மரத்தைப் பற்றியும், அதைச் செய்கிற கைக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதைப் பற்றியும் இன்று பேசலாம்.

பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் சிறிய ரயில் வண்டிகளை வீட்டுக்குள் ஓட்டிப் பார்ப்பது பெரிய பொழுதுபோக்கு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய பொம்மை ரயிலைக் காட்டியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில் பொம்மைகளை விற்கத் தொடங்கினார். அன்று அது சிறுவர்களின் விளையாட்டு. அந்தச் சிறுவர்கள் வளர்ந்தார்கள்; விளையாட்டை விடவில்லை. ரயில் மட்டும் போதாது, அது ஓடுகிற ஊரும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஒரு பெரிய மேசையின் மேல் மலை, ஆறு, பாலம், ஸ்டேஷன், வயல் எல்லாம் வந்தன. மரம் இல்லாத ஊர் ஏது? ஒரு மேசைக்கே சில சமயம் 200, 300 மரங்கள் தேவைப்படும். ரயிலைத் தொழிற்சாலையில் வாங்கலாம். ஊரைத்தான் கையால் செய்ய வேண்டும்.

இதில் முதல் பாடம் அளவு. உலகில் அதிகம் புழங்குவது 87-இல் ஒரு பங்கு என்னும் அளவு. 20 மீட்டர் உயரமான மரம் அந்த அளவில் 23 சென்டிமீட்டர், சரியாக ஒரு சாண். அதன் பக்கத்தில் நிற்கும் மனிதன் 2 சென்டிமீட்டர். இன்னும் சிறிய ரயில் ஓட்டுபவர்கள் 160-இல் ஒரு பங்கு என்று கேட்பார்கள். அங்கே அதே மரம் பன்னிரண்டரை சென்டிமீட்டராகிவிடும். பிரிட்டனில் மட்டும் 76-இல் ஒரு பங்கு. அந்நாட்டு ரயில் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடல் சிறுத்தவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் சற்றுப் பெரிதாக்கினார்கள். தண்டவாளம் இருக்க வேண்டியதைவிடக் குறுகல் என்று அவர்கள் இன்றுவரை தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மரம் விற்கிறவருக்கு அந்தச் சண்டை வேண்டாம். "உங்கள் மேசை எந்த அளவு?" என்று முதலில் கேட்டுக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரத்தை உண்மை அளவுக்கே செய்தால் ஸ்டேஷன் அதற்குப் பின்னால் மறைந்து போகும். ஆகவே பெரும்பாலோர் கணக்குப்படி வர வேண்டியதைவிடக் குட்டையான மரத்தையே வாங்குகிறார்கள். கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒத்துவரும் இடத்தில் அதைத் தளர்த்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி மரம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நல்ல மரத்துக்கு எலும்புக்கூடு கம்பிதான். பழைய மின்கம்பியின் உறையை உரித்தால் உள்ளே மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். முப்பது நாற்பது இழைகளைச் சேர்த்துப் பிடித்து, அடிப்பாகத்தைக் குறடால் முறுக்கினால் அடிமரம். சற்று மேலே ஐந்தாறு இழைகளைப் பிரித்துத் தனியே முறுக்கினால் ஒரு கிளை. அந்தக் கிளையிலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்தால் சிறுகிளைகள். கடைசியில் ஒற்றை இழை, அதுதான் கொம்பின் நுனி. அடியில் மிஞ்சிய இழைகளை விரித்துவிட்டால் வேர். அடியில் பருத்து, பிரியப் பிரிய மெலிந்து போவதுதானே மரத்தின் இயல்பு? கம்பியும் அப்படியே மெலிகிறது. அதனால்தான் இந்த முறை பல ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

அடுத்தது பட்டை. இங்கேதான் நமக்குத் தெரிந்த ஒரு பொருள் வருகிறது. கம்பியின் மேல் வெறும் சுண்ணச்சாந்தைப் பூசினால், கிளையை வளைத்தவுடன் வெடித்து உதிரும். எனவே பிரிட்டனில் பலரும் ரப்பர் பாலில் செய்த பசையோடு சுவர் பூசும் மாவைக் கலந்து தூரிகையால் பூசுகிறார்கள். காய்ந்த பின்பும் அது இழுபடும். கிளையை வளைத்தாலும் விரிசல் விடாது. அங்கே காப்பிடெக்ஸ் என்ற பெயரில் விற்கும் பசை அப்படிப்பட்டதுதான். அந்தப் புட்டியைத் திறந்தால் வரும் அம்மோனியா வாடையை, பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிளைகளுக்கு மேலே மெல்லிய கொப்புகள் அடர்ந்திருக்க வேண்டுமே, அதற்கும் ரப்பர் உண்டு. நாற்காலிக்கும் சோபாவுக்கும் திணிக்கிற குதிரைமயிரை ரப்பர் பாலில் பிணைத்து மெத்தைபோல் விற்பார்கள். அதைப் பிய்த்து, சிலந்திவலைபோல் ஆகும்வரை இழுத்து, கிளைகளின் மேல் ஒட்டுவார்கள்.

இலைக்கு முன்பெல்லாம் சாயமேற்றிய மரத்தூள். பிறகு ஸ்பாஞ்சு வந்தது. 1975-இல் தொடங்கிய உட்லண்ட் சீனிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், அரைத்துச் சாயமிட்ட ஸ்பாஞ்சுத் தூளை நிறம் நிறமாகப் பையில் அடைத்து விற்றது. வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. ஸ்பாஞ்சைத் தண்ணீரோடும் பெயிண்டோடும் மின் அரவையில் இட்டு அரைத்து, உலர்த்தி, சல்லடையில் சலிப்பார்கள். அந்த அரவையில் அப்புறம் மிளகாய் அரைக்கக் கூடாது என்பதை நான் சொல்லத்தான் வேண்டுமா?

நிறத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அடிமரம் என்றதும் பழுப்பு நிறத்தைத் தேடுவார்கள். வெளியே போய்ப் பாருங்கள்: பெரும்பாலான மரங்களின் பட்டை சாம்பல் நிறம். இலைக்குக் கடையில் கிடைக்கும் பச்சை மிகவும் பளிச்சென்று இருக்கும். தூரத்து மரம் வெளிறி, சற்று நீலம் கலந்து தெரியும். அதனால் கெட்டிக்காரர்கள் மேசையின் முன்புறத்தில் பெரிய, நிறம் அழுத்தமான மரங்களையும், பின்புறத்தில் சிறிய, வெளிறிய மரங்களையும் நடுவார்கள். மூன்றடி மேசை மூன்று மைல் நிலமாகத் தோன்றும்.

எல்லா மரமும் கம்பியில் செய்வதில்லை. ஊசியிலை மரங்களைப் புட்டி கழுவும் பிரஷ் செய்வதுபோலவே செய்கிறார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நாரைப் பரப்பி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையைக் கை டிரில்லில் மாட்டிச் சுழற்றினால் நார் சுற்றிலும் விரிந்து நிற்கும். கத்தரிக்கோலால் கூம்பாக வெட்டி, பசை தெளித்து, பச்சைத் தூளில் புரட்டினால் மரம். இயந்திரத்துக்கு இது மிக எளிது. ஜெர்மன் நிறுவனங்கள் இந்த வகை மரங்களைக் கட்டுக்கட்டாக அடைத்து மலிவாக விற்கின்றன. கையால் செய்பவர் இதில் போட்டிக்குப் போனால் தோற்பார். செடிகொடியிலேயே மரம் தேடுபவர்களும் உண்டு. நார்வேயில் வளரும் கலைமான் பாசியைச் சேகரித்து, கிளிசரினில் ஊறவைத்துச் சாயமேற்றினால் அது நொறுங்காமல் மெத்தென்று இருக்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் பாசி அது.

சின்ன மரம் செய்து குடும்பம் நடத்துவது ரயில் பொம்மைக்கும் முந்திய தொழில். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலையில் சைஃபன் என்று ஓர் ஊர் இருக்கிறது. முன்பு அது வெள்ளீயச் சுரங்க ஊர். சுரங்கம் வற்ற வற்ற, மக்கள் மரம் கடைவதற்கு மாறினார்கள். 1849-இல் சுரங்க வேலை முழுவதும் நின்றது. அதன் பிறகு பொம்மைதான் ஊரின் சோறு. அங்கே ஒரு மரம் செய்வார்கள், அழகு சொல்லி முடியாது. லிண்டன் மரக்குச்சியை எடுத்து, கூரிய உளியால் மேலிருந்து கீழாக மெல்லிய சுருளாகச் சீவுவார்கள். சுருளை அறுத்துவிடாமல் குச்சியிலேயே நிற்க விட்டுச் சுற்றிச் சுற்றிச் சீவினால், குச்சியே கிளை விரித்த மரமாகிவிடும். ஒட்டுவதும் இல்லை, பூசுவதும் இல்லை. பட்டையைக் காயப்படுத்தாமல் சீவத் தெரிந்த கைகளுக்கு அந்த உளியின் அருமை தெரியும்.

ஆனால் கூலி? பொம்மைகளுக்கு வியாபாரிகள் ஷோக் கணக்கில் விலை வைத்தார்கள். ஒரு ஷோக் என்றால் 60. வெளியூர்ச் சந்தை வியாபாரியின் கையில் இருந்தது. விலை இறங்கினால், அதே வருமானத்துக்கு வீட்டில் இன்னும் அதிகம் செய்ய வேண்டும். தாத்தா, பாட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் உழைத்த மணிநேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் அந்த விலைக்கு யாரும் விற்றிருக்க மாட்டார்கள். வீட்டுத் தொழிலின் ஆபத்து இதுதான்: உழைப்பு வீட்டுக்குள் நடப்பதால் அது உழைப்பாகவே தெரிவதில்லை.

இப்போது இங்கிலாந்தில் மரம் செய்து விற்கும் ஒருவருக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரயில் ஆர்வலர் சங்கங்கள் வார இறுதியில் மண்டபங்களில் கண்காட்சி நடத்தும். அங்கே மேசை வாடகைக்கு எடுத்து விற்கலாம். ஒரு மரம் செய்ய 2 மணி நேரம், பொருள் 1 பவுண்டு, விலை 12 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 15 மரம் விற்றால் 180 பவுண்டு. கை நிறையப் பணம் போலத் தோன்றும். பொருளுக்கு 15, மேசைக்கு 60, பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் 25 கழித்தால் மிச்சம் 80. உழைத்த நேரம்? மரத்துக்கு 30 மணி, கண்காட்சியில் நின்றது 8 மணி, ஆக 38 மணி. மணிக்கு 2 பவுண்டு 10 பென்ஸ். 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ்!

கைவேலையை விரைவாக்கலாம். ஒரு நாள் முழுக்கக் கம்பி முறுக்குவது, மறுநாள் பட்டை பூசுவது, அடுத்த நாள் இலை தூவுவது என்று 15 மரத்தையும் சேர்த்தே செய்தால் ஒன்றுக்கு 50 நிமிடம் போதும். அப்போதும் மணிக்கு 4 பவுண்டைத் தொடாது. ஆகவே கண்காட்சியில் விற்கிற மரத்தால் மட்டும் அடுப்பு எரியாது. அந்த மேசையின் பயன் வேறு. அங்கே வருகிறவர் ஒரு நல்ல மரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஓர் ஓக் மரம் இருந்தது, புகைப்படம் தந்தால் செய்வீர்களா?" என்று கேட்பார். அந்த மரத்துக்கு 60 பவுண்டு சொல்லலாம். பொருளும் தபாலும் 8 பவுண்டு, வேலை 4 மணி நேரம் என்றால் மணிக்கு 13 பவுண்டு. இப்போதுதான் அது கூலி. அப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பதும் உண்மைதான். அதனால் இதைப் பலர் வேறு வேலையோடு சேர்த்தே செய்கிறார்கள்.

புகைப்படத்து மரத்துக்கு ஏன் அவ்வளவு விலை? ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லண்ட் என்பவர், தாம் நேசித்த நாட்டுப்புறம் கண்முன்னே மாறிப்போவதைக் கண்டு, அதை 76-இல் ஒரு பங்கு அளவில் செய்துவைக்கத் துணிந்தார். அருங்காட்சியகம் 1954-இல் தொடங்கியது. தொண்டர்கள் இன்றும் அங்கே 1920, 1930-களின் கிராமத்தைக் கட்டிவருகிறார்கள். அந்தக் காலத்து வயலோரங்களில் எல்ம் மரம் ஓங்கி நின்றது. 1960-களின் இறுதியில் பரவத் தொடங்கிய ஒரு பூஞ்சை நோயில் பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் பட்டுப்போயின. முழு வளர்ச்சி பெற்ற எல்ம் மரத்தை அந்நாட்டு இளைஞர்களில் மிகப் பலர் பார்த்ததே இல்லை. பழைய கிராமத்தை மேசைமேல் அமைக்கிறவர் எல்ம் மரத்தைச் செய்தவரிடம்தான் வாங்க வேண்டும். செய்கிறவர் பழைய படங்களைப் பார்த்து, அதன் கிளை எந்த உயரத்தில் பிரிந்தது, தலை எப்படிக் கவிந்தது என்று படித்துக்கொள்ள வேண்டும். விலை அந்தப் படிப்புக்கு.

கடைசியாக, கட்டி அனுப்புவது. மரம் எடை இல்லாதது. ஆனால் இடத்தை அடைக்கும், தொட்டால் உதிரும். வேரின் அடியில் ஒரு கம்பி முனையை நீட்டிவிட்டு, பெட்டிக்குள் ஒட்டிய தெர்மோகோல் பலகையில் குத்தி நிறுத்துகிறார்கள். இலை எந்தப் பக்கமும் பெட்டியைத் தொடக் கூடாது. மேலே மரத்தின் பெயர், உயரம், எந்த அளவு என்ற மூன்றையும் எழுதிய சீட்டை ஒட்டுகிறார்கள். இரண்டாவது மரம் வேண்டும் என்று ஆறு மாதம் கழித்து எழுதுகிறவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்.