நெல் வயலில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது? ஒரு சென்ட் பாத்தியில் கண்டறியலாம்

திருப்பூர் மாவட்டத்தில் மடத்துக்குளம், குமரலிங்கம், கொழுமம், தாராபுரம் பகுதிகளில் அமராவதி பாசனத்தை நம்பி நெல் சாகுபடி செய்யும் விவசாயிகள் பலர். பனியன் கம்பெனிகளுக்கு ஆட்கள் போய்விடுவதால் கூலிச் செலவு ஏற்கெனவே அதிகம். இந்த நிலையில் யூரியா கூடிப்போனால் பயிர் சாயும், புகையானும் குலை நோயும் பெருகும், அறுவடையும் சிரமமாகும். குறைந்தால் தூர் கட்டாது. எனவே உங்கள் மண் தானாகவே எவ்வளவு தழைச்சத்து தருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மண் பரிசோதனை மட்டும் போதுமா?

மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்து எக்டருக்கு 280 கிலோவுக்குக் கீழ் இருந்தால் குறைவு, 280 முதல் 450 வரை மத்திமம், அதற்கு மேல் அதிகம். குறைவு என்றால் பொதுப் பரிந்துரையை விட 25 சதவீதம் கூட்டியும், அதிகம் என்றால் 25 சதவீதம் குறைத்தும் இட வேண்டும்.

ஆனால் ஆய்வகத்தில் சோதிப்பது உலர்ந்த மண்ணை. நீர் தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் தாள், தொழு உரம், தக்கைப்பூண்டு ஆகியவற்றை மட்கச் செய்து, பயிர்க் காலம் முழுவதும் தழைச்சத்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. வயல் காய்ந்து மீண்டும் நனையும்போது அதில் ஒரு பகுதி வாயுவாக வெளியேறிவிடும். அதனால் அட்டையில் ஒரே அளவு உள்ள இரண்டு வயல்கள் வேறு வேறு விளைச்சல் தரலாம்.

யூரியா இடாத பாத்தி

வயலின் நடுத்தரமான இடத்தில் 20 அடிக்கு 22 அடி அளந்தால் ஏறக்குறைய ஒரு சென்ட். சுற்றிலும் உறுதியாக வரப்பு கட்டி, உரம் கரைந்த நீர் உள்ளே வராமல் தனி மடை வையுங்கள். இந்தப் பாத்தியில் யூரியா, டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் எதுவும் வேண்டாம். மணிச்சத்தை சூப்பர் பாஸ்பேட்டாகவும், சாம்பல் சத்தை பொட்டாஷாகவும் இடுங்கள். துத்தநாகம், தண்ணீர், களை எடுப்பு எல்லாம் மற்ற வயலைப் போலவே.

அறுவடையில் இந்த நெல்லைத் தனியாக அடித்து, காய வைத்து எடை போடுங்கள். கிடைத்த கிலோவை 100-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். இதுதான் உங்கள் மண் தரும் பங்கு. 1990-களின் இறுதியில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் திட்டத்தில், தஞ்சைப் பகுதி விவசாயிகளின் வயல்களிலும் இவ்வாறு உரமிடாத பாத்திகள் வைத்துத்தான் மண்ணின் திறனை அளந்தார்கள்.

கணக்கு போடும் முறை

பாத்தியில் 14 கிலோ கிடைத்தால் ஏக்கருக்கு 1,400 கிலோ. நல்ல பருவத்தில் உங்கள் வயல் 2,400 கிலோ தரும் என்றால், இடைவெளி 1,000 கிலோ. ஒவ்வொரு 100 கிலோ இடைவெளிக்கும் 4 முதல் 5 கிலோ தழைச்சத்து, அதாவது 9 முதல் 11 கிலோ யூரியா தேவை. ஆக 90 முதல் 110 கிலோ யூரியா போதும். கோவைப் பகுதிக்கான பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து. அது ஏக்கருக்குச் சுமார் 130 கிலோ யூரியா. பாத்தியில் 10 கிலோ மட்டுமே கிடைத்தால், பொதுப் பரிந்துரை அளவோ அதற்குச் சற்று அதிகமோ தேவைப்படும்.

மற்ற வயலுக்கு டி.ஏ.பி. இட்டால் அதைக் கழிக்க மறக்காதீர்கள். 50 கிலோ மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து உள்ளது. இது 20 கிலோ யூரியாவுக்குச் சமம்.

எப்போது இடுவது?

கணக்கிட்ட அளவை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இடுங்கள். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், 10 செடிகளின் முழுதும் விரிந்த இளம் இலையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்கு மேல் பச்சை இருந்தால் அந்த மேலுரத்தைத் தள்ளிப் போடலாம்.

ரகமோ பருவமோ மாறினால் பாத்தியின் விளைச்சலும் மாறும். எனவே இந்தப் பருவத்தில் நெல் நடும்போதே ஒரு சென்ட் ஒதுக்குங்கள். எடையை நோட்டில் குறித்து வைத்து, அடுத்த பருவ உரம் வாங்கும் முன் மண் பரிசோதனை அட்டையோடு உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.